கொலைமரமும் பூவேலையும்

சிலுவைக்கு அழகு செய்வது தகுமா என்னும் கேள்வி புதியது அன்று. ஏட்டைப் புரட்டும்போது அது ஒருவகையாக நம்மை வந்தடைகிறது. கையில் கத்தியும் மரத்துண்டும் இருக்கும்போது வேறுவகையாக வந்தடைகிறது. நம் பங்கின் இளைஞர் சிலர் மாலை வேளைகளில் கூடி, சிறு மரச்சிலுவைகளின்மேல் சில்லுச் செதுக்கல் செய்யக் கற்றுவருகின்றனர். இறந்தோர் நினைவு மாதமாகிய நவம்பரில், அவ்வாண்டு சாவு நேர்ந்த வீடுகளுக்கு ஆளுக்கொன்றாக அவற்றைக் கொடுப்பது அவர்களின் எண்ணம். அவர்களுள் தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவர், “சாமி, இது ஆளைக் கொன்ற மரந்தானே? இதுக்கு எதுக்குப் பூவு?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கப்பட்ட கேள்வி அன்று அது. ஆகவே அதற்குரிய மதிப்பை நாமும் அதற்குக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் வேலை எத்தகையது என்பதைச் சொல்லிவிடுவது நலம். சில்லுச் செதுக்கல் ஆல்ப்ஸ் மலைநாடுகளிலும் செருமனியிலும் வட ஐரோப்பாவிலும் எளிய மக்களின் வீடுகளில் வளர்ந்த கைத்தொழில். பெட்டியின் மூடி, கரண்டியின் பிடி, நாற்காலியின் முதுகு ஆகியவற்றின்மேல் கத்திமுனையால் சிறுசிறு முக்கோணப் பள்ளங்களை வெட்டி, அப்பள்ளங்களின் வரிசையாலேயே விண்மீனையும் மலரையும் தோன்றச் செய்தனர். நம் நாட்டுத் தச்சர்கள் கதவிலும் தேரிலும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உருவங்களைப் புடைப்பாக எழுப்புவர். இம்முறையிலோ எதுவும் எழும்புவதில்லை. மரத்தின் மேற்பரப்பு இருந்தபடியே இருக்கிறது. அதில் பள்ளங்கள் மட்டுமே உண்டாகின்றன. பள்ளத்தின் ஒரு சரிவில் வெளிச்சமும் மறு சரிவில் நிழலும் படிவதால் கண்ணுக்குப் பூ தெரிகிறது.

ஒரு முக்கோணச் சில்லுக்கு மூன்று வெட்டுகள். கத்தியை நேர்க்குத்தாகப் பிடிக்காமல் உட்புறமாகச் சாய்த்து மூன்று பக்கங்களிலிருந்தும் வெட்டினால், மூன்று சரிவுகளும் அடியில் ஒரே புள்ளியில் சந்திக்கும். சந்தித்தால் சில்லு தானே கழன்று வரும். சந்திக்காவிட்டால் அடியில் நார் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை நெம்பி எடுக்க முயல்பவர் கத்திமுனையை ஒடித்துக்கொள்வார். அதே சாய்வில் இன்னும் சற்று ஆழமாக வெட்டுவதே வழி. தொடங்குவோர் நேரே சிலுவையில் கைவைக்கலாகாது. ஒரு பழகுபலகையில் கால் அங்குலக் கட்டங்கள் வரைந்து, நூறு சில்லாவது எடுத்த பின்னரே சிலுவையைத் தொட வேண்டும். கட்டைவிரல் மரத்தின்மேல் ஊன்றியிருக்கட்டும். மறுகை கத்தி போகும் வழியில் இல்லாதிருக்கட்டும். விரலை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கிய கத்தியே, ஏனெனில் அதை அளவுக்கு மீறி அழுத்த வேண்டியிருக்கிறது. சாணைக்கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்த கத்திக்கு அழுத்தம் வேண்டுவதில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கு நம்மவரிடையே மதிப்புக்குரியதாயினும், மணல் போன்ற நுண்பொருள் அதில் கலந்திருப்பதால் கத்தியின் கூர் விரைவில் போய்விடுகிறது. கருங்காலி தொடக்கத்தார்க்கு ஆகாது. ஐரோப்பியர் மென்மையும் சீரான நாரும் கொண்ட லிண்டன் மரத்தை நாடுவர். நமக்குக் குமிழும் வெட்பாலையும் போதும். நன்கு காய்ந்ததாகவும் கணுவற்றதாகவும் பார்த்து எடுக்க வேண்டும்.

பெட்டிமூடிக்கு இல்லாத இடர் ஒன்று சிலுவைக்கு உண்டு. ஒரே பலகையில் சிலுவையை அறுத்தெடுத்தால், நெடுஞ்சட்டத்தில் நார் நீளவாக்கில் ஓடும். குறுக்குச் சட்டத்திலோ அதே நார் குறுக்காக அமைந்துவிடும். கைகளிரண்டும் வலுவிழந்து, கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அவையே. ஆகவே இரு துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதிப் பருமனை வெட்டிக் கழித்து, ஒன்றில் ஒன்று படியுமாறு பொருத்திப் பசையிட்டு இறுக்குகின்றனர். அப்போது இரண்டிலும் நார் அதனதன் நீளத்தில் ஓடுகிறது. ஆனால் கூடுமிடத்தைக் கடக்கும் ஒரே கோட்டை வெட்டும்போது, இதுவரை வழுக்கிச் சென்ற கத்தி திடீரெனத் தடைப்படும். அவ்விடத்தில் தொடக்கத்தார் கைகளெல்லாம் நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனிக் கேள்விக்கு வருவோம். உரோமைப் பேரரசில் சிலுவை அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய சாவாயிருந்தது. உரோமைக் குடிமகனின் உடலுக்கு மட்டுமன்றி, அவன் எண்ணத்துக்கும் கண்ணுக்கும் காதுக்குங்கூட அச்சொல் எட்டாதிருக்க வேண்டும் என்று சிசரோ கி.மு. 63இல் ஒரு வழக்கில் வாதாடினார். மரத்தில் தொங்கவிடப்பட்டவர் சாபத்துக்கு உள்ளானவர் என்பது இணைச்சட்ட நூலின் தீர்ப்பு. அச்சாபத்தையே ஆண்டவர் நமக்காக ஏற்றார் எனத் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுத வேண்டியதாயிற்று. தொடக்க நூற்றாண்டுகளின் கிறித்தவர், மீனையும் நங்கூரத்தையும் நல்லாயனையும் வரைந்தார்களேயன்றி, ஆண்டவர் அறையுண்ட காட்சியை வரையத் துணிந்தது மிக அரிது. கான்ஸ்டன்டைன் பேரரசர் நான்காம் நூற்றாண்டில் அத்தண்டனையை ஒழித்தார் எனப் பண்டை வரலாற்றாசிரியர் கூறுவர். அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்து, ஏறத்தாழ 430இல், உரோமையில் தூய சபீனா கோவிலுக்கு ஒரு மரக்கதவு செய்யப்பட்டது. ஆண்டவர் அறையுண்ட காட்சியைப் பொதுவிடத்தில் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் அக்கதவின் பலகை ஒன்று. இரு கள்வரிடையே ஆண்டவர் கைவிரித்து நிற்கிறார். சிலுவை மரமோ தேடிப் பார்த்தால்தான் ஓரளவு தெரிகிறது. செதுக்கிய கைக்கு அம்மரத்தை முழுமையாகக் காட்ட இன்னும் மனம் வரவில்லை போலும்.

பொன்னும் மணியும் பதித்த சிலுவைகள் இதே காலத்தையொட்டியே பெருகின. அதாவது, உண்மைச் சிலுவைகளைச் சாலையோரத்தில் கண்டு முகம் திருப்பியவர்கள் அதை அழகு செய்யவில்லை. அழகு செய்தவர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. இந்தச் செய்தி நம்மைச் சற்றுக் கலங்கவைக்க வேண்டும். நம் மாவட்டங்களில் வெட்டுப்பட்டு இறந்தவரின் வீட்டுக்கு அடக்கச் சடங்கிற்குச் சென்றுவந்த எந்த அருட்பணியாளரும் தச்சர் வீட்டுப் பிள்ளையின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டார். அந்த அரிவாளின் பிடியில் கொடியும் பூவும் செதுக்கி அத்தாயிடம் நீட்டுவார் உண்டோ?

புனித தோமா அக்குவினார் இவ்வெதிர்வாதத்தை அறிந்தேயிருந்தார். இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதியில் 25ஆம் வினாவில், சிலுவைக்கு வணக்கம் செலுத்தலாமா என்பதை ஆராயும்போது, முதல் தடையாக அவர் வைப்பதே இதுதான்: பற்றுள்ள மகன் எவனும் தன் தந்தையை அடித்த சாட்டையையோ அவர் தொங்கிய தூக்குமரத்தையோ மதிப்பதில்லை, அருவருப்பான். இதற்கு அவர் தரும் விடையும் யாவரும் அறிந்ததே. நம்பாதோரின் பார்வையில் சிலுவை இழிவு. அதில் விளைந்த மீட்பை நோக்கும்போதோ அது பகைவர்மீது வெற்றிகொண்ட மரம். கொலோசையர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை அதற்குச் சான்றாக்குகிறார். குருமடத்தில் இதைப் படிக்கும் மாணவர் தடையை விரைவாகக் கடந்து விடையை மனப்பாடம் செய்வது வழக்கம். ஆனால் தடையில் பேசுபவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் அயலான் அல்லன், மகன். அவனுடைய அருவருப்பைத் தவறு என்று தோமா எங்கும் கூறவில்லை. அவ்வருவருப்பு பிறந்த அன்பே, அந்த மரத்தில் தந்தை செய்து முடித்தது என்ன என்பதைக் காணும்போது, வணக்கமாக மாறுகிறது. மகனுக்குத்தான் அது மாறும். பார்வையாளனுக்கு மாறுவதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் அவன் அருவருத்ததும் இல்லை.

(ஒன்பதாம் நூற்றாண்டில் தூரின் நகரத்து ஆயராயிருந்த கிளாடியு என்பவர் வேறு வழியில் தாக்கினார். ஆண்டவர் தொங்கியதற்காகச் சிலுவையை வணங்குவதானால், அவர் கிடந்த தீவனத்தொட்டியையும் அமர்ந்த படகையும் ஏறிய கழுதையையும் ஏன் வணங்குவதில்லை என்றார். கழுதையைப் பற்றிய அவரது வாதத்துக்குச் சிரிப்பு வரலாம். திருச்சபை அவரைப் பின்பற்றவில்லை. கழுதை ஆண்டவரைச் சுமந்தது, கொல்லவில்லை. நம் பிள்ளையின் கேள்விக்கு ஆயரின் கேள்வி ஈடாகாது.)

ஆயினும் தோமா பேசுவது வணக்கத்தைப் பற்றி. நம் முன் இருப்பது அழகைப் பற்றிய கேள்வி. புனித வெள்ளியன்று நாம் முத்தி செய்யும் மரத்துக்குப் பூ இருந்தாக வேண்டும் என்பதில்லை. பூ எதற்கு?

இங்கே சில்லுச் செதுக்கல் நமக்கு ஓர் உதவி செய்வதாகத் தோன்றும். பொன்தகடு வேய்வதும் மணி பதிப்பதும் மரத்தை மூடுகின்றன. இவ்வேலையிலோ மரத்தின்மேல் ஒன்றும் சேர்க்கப்படுவதில்லை, எல்லாம் வெட்டே. வெட்டுகள் யாவும் ஆண்டவரின் காயங்கள், அவற்றில்தான் ஒளி தங்குகிறது என்று விளக்கம் சொல்ல மறையுரையாளரின் நா துடிக்கும். அது கேட்போருக்கு இனிக்கவும் செய்யும். ஆனால் அவ்விளக்கத்தை ஓர் அடி மேலே கொண்டுசென்று பாருங்கள்: வெட்டுகள் காயங்களானால், கத்தியைப் பிடித்திருப்பவர் யார்? நம் இளைஞர் படைவீரரின் இடத்தில் அமர்கின்றனர். அப்படி அமர்வதும் ஒரு தியானமே என்பார் சிலர். பாடுகளின் வழிபாட்டில் மக்கட்கூட்டத்தின் கூக்குரலை நாமே எழுப்புகிறோம் அல்லவா? அதை மறுக்கவில்லை. ஆயினும் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு விண்மீன் வடிவைச் செம்மையாக வெட்டி முடித்து முகமலர்ந்து நிற்கும்போது, அவன் உள்ளத்தில் இருப்பது படைவீரனின் கொடுமையன்று. வேலை கைகூடிய மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சியில் உவமையை ஏற்றிக் கெடுப்பதை நாம் விரும்பவில்லை.

சென்னைப் பரங்கிமலையில், புனித தோமையார் மலைக்கோவிலில் இருக்கும் கற்சிலுவையை வாசகர் பலர் கண்டிருப்பர். 1547இல் போர்த்துக்கீசியர் கோவிலுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி எழுத்துகள். மேலே இறங்கிவரும் புறா. சிலுவையின் கைகள் மொட்டுகளாய் முடிகின்றன. அடியில் இதழ்கள் விரிகின்றன. அதில் ஆண்டவரின் உடல் இல்லை. அவர் உயிர்த்துவிட்டார், ஆகவே மரம் தளிர்த்திருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம். நம் மண்ணுக்கும் இது முற்றிலும் அயலான எண்ணமன்று. கழுமரத்தில் முடியும் காத்தவராயன் கதையைக் கூத்தாக நடித்து, அக்கழுமரத்தையே வணங்கும் மக்கள் நம்மிடையே உள்ளனர். கொல்லப்பட்டவரைச் சார்ந்தோர் கொலைமரத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை.

இதன் உண்மையை லித்துவேனியா நாட்டு மக்களிடம் இன்னும் தெளிவாகக் காணலாம். அங்கே மரச்சிலுவை செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டுப்புறக் கலை; 2001இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. சட்டங்கள் கூடுமிடத்திலிருந்து கதிரவனின் கதிர்கள் பாய்வதுபோல் செதுக்கியிருப்பர். செடியும் கொடியும் மண்டியிருக்கும். ஷௌலேய் நகருக்கு அருகில் சிலுவைக் குன்று என ஒன்று உண்டு. உருசியப் பேரரசை எதிர்த்து 1831இலும் 1863இலும் எழுந்த கிளர்ச்சிகளில் மாண்டவருக்காக, புதைக்க உடல் கிடைக்காத குடும்பங்கள் அங்கே சிலுவை நட்டனர் என்பது வழிவழிச் செய்தி. சோவியத் ஆட்சியில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு மீண்டோரும், மீளாதோரின் உறவினரும் அங்கே மேலும் நட்டனர். 1961இல் அரசு இயந்திரங்களைக் கொண்டு குன்றைச் சமன்செய்தது, மரச்சிலுவைகளை எரித்தது, இரும்புச் சிலுவைகளைப் பழைய இரும்பாக்கியது. மக்கள் இரவில் வந்து திரும்ப நட்டனர். எழுபதுகளிலும் அழிக்கப்பட்டது, திரும்பவும் முளைத்தது. 1993 செப்டம்பர் 7 அன்று புனித இரண்டாம் யோவான் பவுல் அக்குன்றில் திருப்பலி நிறைவேற்றினார்.

அங்கே சிலுவையைப் பூக்கவைத்தவர்கள் துன்பத்தை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். உடலும் கிடைக்காமல் போனவரின் தாயும் மகனும் அவர்கள். நாம் முன்னே சொன்ன வாதம் இங்கே தளர்கிறது: கண்டவர்களும் அழகு செய்தார்கள். அப்படியானால் அரிவாளின் பிடியில் பூ வெட்டி நீட்டுவது ஏன் நம்மைக் கூசவைக்கிறது? நீட்டுகிறவன் வேறு, இழந்தவள் வேறு என்பதால்தான். தன் சிலுவைக்குப் பூ வெட்டுபவர் அம்மரத்தில் தாம் கண்டதைச் சொல்கிறார். பிறர் சிலுவைக்குப் பூ வெட்டிக் கொடுப்பவரோ, ‘இது அழகானது, அழாதே’ என்று வாயடைக்கிறார். ஒரே வடிவம், ஒரே கத்தி, ஒரே மரம். முன்னது விசுவாசம், பின்னது மூடிமறைப்பு. ஆண்டவரின் சிலுவை நம் அனைவருக்கும் உரியதென்பதால் அதை எவரும் அழகு செய்யலாம் என்பது இறையியல் முறைப்படி சரியே. ஆனால் சாவு நேர்ந்த வீட்டுச் சுவரில் அது தொங்கும்போது அவ்வீட்டாரின் சிலுவையாகவும் ஆகிவிடுகிறது. ஆறுதல் சொல்லும் பணியில் உள்ள நாமெல்லாரும் அழகிய சொற்களோடு இத்தகைய வீடுகளுக்குள் நுழைபவர்கள். ஆகவே இக்கேள்வி கத்தி பிடித்த இளைஞருக்கு மட்டும் உரியதன்று.

இளைஞரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவர்கள் கற்றுக்கொள்ளும் சிலுவைகளை விருப்பம்போல் செதுக்கித் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்வர். நவம்பரில் கொடுப்பவற்றை, இரு துண்டும் சரியாகப் படியப் பொருத்தி, வழவழவென்று இழைத்து, செதுக்காமலேயே கொடுப்பர். வீட்டார் விரும்பி ஏதேனும் கேட்டால் திரும்ப எடுத்துவந்து, கேட்டதை மட்டும் வெட்டித் தருவர். வேலை வீணாகிறதே என்று ஒருவருக்கு வருத்தம். ஓராண்டு பழகிய கையை மறைத்துவைத்துக்கொண்டு வெறும் மரத்தைக் கொடுப்பது எளிதன்று என்பதும் மெய்தான். இழைத்து முடித்த பின் உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் செதுக்கிய பின் தேய்க்கலாகாது, சில்லுகளின் விளிம்பு மழுங்கிவிடும். திரும்பி வரும் சிலுவைக்காக இதையும் சொல்லிவைத்தோம்.

பெரும்பாலான வீடுகளில் சிலுவையை வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டனர். ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. அவ்வீட்டுப் பெரியவர் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இறந்தவர். அவருடைய மனைவி, சிலுவையில் பனையோலை வெட்டித் தர முடியுமா எனக் கேட்டார். கேட்ட இளைஞருக்குப் பேச்சு எழவில்லை. பனையா என்று இரண்டு முறை கேட்டாராம். அடுத்த நாள் தாளில் வரைந்து எடுத்துச் சென்றார். விரிந்த ஓலைகள் இருபுறமும் சாய்ந்து தொங்குமாறு வரைந்திருந்தார். அம்மையார் தாளைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது காஞ்ச ஓலை தம்பி. குருத்து மேலப் பாத்துத்தான் நிக்கும்” என்று சொல்லித் திருத்தினார்.

ஓலைக்கு முக்கோணச் சில்லு வேண்டியதில்லை. இருபுறமும் சாய்வாக இழுக்கும் இரண்டு நீண்ட வெட்டுகள் போதும். நடுவில் அகன்று நுனியில் ஒடுங்கும் சில்லு கழன்று வரும். நெடுஞ்சட்டத்தில் நார் ஓடும் வழியிலேயே குருத்து ஏறுவதால் வேலை விரைவாக நடந்தது. இப்போது சட்டங்கள் கூடுமிடத்தை அடைந்திருக்கிறார். அங்கே நிறுத்திவிடுவதா, கடந்து மேலே கொண்டுபோவதா என்று அம்மையாரிடம் கேட்டுவர இன்று மாலை போயிருக்கிறார்.